உப்பில்லாச் சோறும் ஒரு துண்டுக் கருவாடும்

நல்லம்மாள் ரப்பர் மரத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆள் வந்து சொன்னான். புகைக்கொட்டகையில் உன் வீட்டுக்காரருக்குச் சில்லிமூக்கு உடைந்துவிட்டது, ரத்தம் நிற்க மாட்டேன் என்கிறது, உடனே வா என்று. வாளியை மரத்தடியில் அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். மேரு என்கிற ஊருக்குப் போகிற செம்மண் பாதையை ஒட்டித்தான், ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கிற அந்தத் தோட்டத்தின் புகைக்கொட்டகை. அவள் போய்ச் சேரும்போது கன்னையா வாசலில் ஒரு விறகுக்கட்டையின் மேல் தலையை அண்ணாந்து உட்கார்ந்திருந்தான். சட்டையின் முன்பக்கம் பூராவும் சிவப்பு. தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி உள்ளே நின்றுகொண்டு, ரத்தம் சொட்டிய ரப்பர் ஷீட்டுகளைத் தனியாக எடுத்துப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒழுகுறவன் தள்ளி நின்னு ஒழுகக் கூடாதா? இத எந்தக் கப்பல்ல ஏத்துறது?”

“அடுத்த தடவ சொல்லிட்டு ஒழுகுறேங்க,” என்றான் கன்னையா, அண்ணாந்தபடியே.

அதுதான் அவன். எந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்காது. நல்லம்மாளைப் பார்த்ததும், “நீ எதுக்குடி ஓடியாந்த? கொட்டகைச் சூடுதான். நாளெல்லாம் அடுப்புக்கு முன்னால நிக்கிற ஒடம்பு, மூக்கு வழியாத்தான் கொஞ்சம் ஆத்திக்குது,” என்றான். ஆனால் எழுந்து நிற்கப் பார்த்தபோது கால் தள்ளாடியது. அவள் தோள் கொடுத்து மருந்துக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

தோட்டத்து டிரெசர் அம்புரோஸ். காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பது, வெட்டுக் காயத்துக்குக் கட்டுப் போடுவது, முடியாதவர்களைக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எல்லாம் அவர்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். நல்ல மனுஷர். ஆனால் கள்ளு என்ற சொல் காதில் விழுந்தாலே முகம் சுருங்கிவிடும். அவருடைய அப்பா ரயில் பட்டறையில் நல்ல வேலையில் இருந்தவர், குடித்தே வேலையையும் தொலைத்து உயிரையும் தொலைத்தார் என்று லயத்து வீடுகளில் பேசிக்கொள்வார்கள்.

பஞ்சை மூக்கில் அடைத்துவிட்டு அம்புரோஸ் கேட்டார். “தல வலிக்குமா?”

“காலையில எந்திரிக்கறப்ப பின்மண்டை கனமா இருக்கும் சார். வேலைக்குப் போனா மறந்துரும்.”

“உங்கப்பா எப்படிச் செத்தாரு?”

“நல்லாத்தான் இருந்தாரு. மூட்டை ஏத்திக்கிட்டே இருந்தவரு அப்படியே வண்டிச் சக்கரத்துல சாஞ்சிட்டாரு. வாய் கோணிப் போச்சு. அண்ணனும் அதே மாதிரிதான். எங்க வம்சத்துல யாரும் படுத்துக் கெடந்து சாவறதில்ல. நின்னுக்கிட்டே போயிருவோம்.” பஞ்சு அடைத்த மூக்கோடு அவன் சிரித்தான். அம்புரோஸ் சிரிக்கவில்லை.

“குடிக்கிறியா?”

“புகையில வேல செய்யிற ஒடம்பு சார். சாயங்காலம் ஒரு மங்கு கள்ளு ஊத்தலன்னா தொண்ட எரியும்.”

“நெனச்சேன்,” என்றார் அம்புரோஸ்.

ரப்பர் ஏற்றிக்கொண்டு கிள்ளான் ஸ்டேஷனுக்குப் போகும் லோரியில் மறுநாள் மூன்று பேரும் போனார்கள். அம்புரோஸ் முன்னால் டிரைவர் பக்கத்தில். கன்னையாவும் நல்லம்மாளும் பின்னால், ஷீட்டுக் கட்டுகளின் மேல். கிள்ளான் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்தார் அந்த டாக்டர். கன்னையாவின் மேல்கையில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர்க் குமிழை அமுக்கி அமுக்கிக் காற்றடித்தார். பக்கத்துப் பெட்டியில் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் ஏறியது. நல்லம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறியது, இன்னும் ஏறியது. அது ஏறியது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. டாக்டரின் புருவத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

டாக்டர் அம்புரோஸிடம் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். பேசும்போது இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். ஐந்தும் மடங்கிய பிறகு வலது கைக்குப் போனார். அம்புரோஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“இதுக்குப் பேரு ரத்தக் கொதிப்பு. உங்கப்பனுக்கும் அண்ணனுக்கும் வந்தது இதுதான். கள்ளு ஒரு சொட்டு தொடக் கூடாது. நல்லம்மா, நீ சோத்துல, கொழம்புல, கஞ்சியில எதுலயும் உப்பு போடக் கூடாது. ரெண்டையும் விட்டா பொழச்சுக்குவான். விடலன்னா, மூக்குல வந்த ரத்தம் அடுத்த தடவ மூளையில வரும். தீபாவளி கழிஞ்சு மறுபடி கூட்டியாரணும்.”

அவ்வளவுதான். அத்தனை விரலுக்கும் தமிழில் இரண்டு விரல் அளவு செய்திதான் வந்ததே என்று நல்லம்மாள் நினைத்தாள். இங்கிலீஷ் சுற்றி வளைத்துப் பேசுகிற பாஷை போலிருக்கிறது என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

திரும்பி வரும்போது கன்னையா சொன்னான். “ஒரு எடத்துலயும் வலி இல்ல. வலியில்லாத வியாதிய நம்பி வைத்தியம் பாக்கச் சொல்றானுங்க. பல்லு வலின்னா புடுங்கலாம். இத எங்கன்னு புடுங்கறது?”

“வாய மூடிக்கிட்டு வாங்க. ரசம் ஏறுன ஏத்தத்த நான் பாத்தேன்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. லோரி தோட்டத்துப் பாதையில் திரும்பியபோது, “சரி, விட்டுட்டேன்,” என்றான்.

“எத?”

“கள்ளத்தான். உப்ப நீ விட்டுரு. அது ஒங்கையிலதான இருக்கு.”

அன்று சாயங்காலம் நல்லம்மாள் உப்புச் சாடியைக் கொண்டுபோய் அடுத்த அறை இராஜம்மாவிடம் கொடுத்துவிட்டாள். வீட்டில் இருந்தால் பழக்க தோஷத்தில் கை போய்விடும் என்று பயம். இராஜம்மாவின் அறைக்கும் இவர்கள் அறைக்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர்தான். இங்கே தும்மினால் அங்கே அவள் “ஆயுசு நூறு” என்பாள்.

“உப்ப யாராச்சும் கையால குடுப்பாங்களாக்கா? வீட்டு லச்சுமி போயிரும்,” என்றாள் இராஜம்மா, சாடியை வாங்கிக்கொண்டே.

சோறு வடித்தாள். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். எதிலும் உப்பில்லை. கன்னையா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். தட்டு கழுவாமல் கிடந்ததால் வாழையிலை நறுக்கைப் போட்டுப் பரிமாறினாள். அவன் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தான். மென்றான். மெல்லுவதை நிறுத்தி இலையைப் பார்த்தான்.

“யாருக்குப் படையல்?” என்றான்.

விளையாட்டுக்குத்தான் கேட்டான். ஆனால் நல்லம்மாளுக்குக் கையில் இருந்த அகப்பை நழுவிவிட்டது.

அவர்கள் ஜனத்தில் செத்தவர்களுக்குப் படைக்கிற சோற்றில் மட்டும்தான் உப்புப் போட மாட்டார்கள். உப்பு இருப்பவர்களுக்கு உரியது. போனவர்களின் இலையில் அது பட்டால் அவர்கள் தொடாமல் திரும்பிவிடுவார்களாம். படைத்து முடித்த பிறகு அந்தச் சோற்றில் உப்பைத் தூவிப் பிசைந்துதான் வீட்டார் சாப்பிடுவார்கள். உப்புப் போடாமல் உயிருள்ள ஆள் வாயில் வைக்கக் கூடாது. அவர்களுடைய ஒரே மகள் சீதாலெட்சுமி இந்த லயத்தில்தான் பிறந்தாள், நடக்க ஆரம்பித்த வயசில் குளிர்காய்ச்சலில் போனாள். தோட்டத்துக் கடைசியில் ஓடையோரம் ஒரு மரத்தடியில் புதைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் மாசி மாதத்தில் நல்லம்மாள் உப்பில்லாமல் பொங்கி, இப்படித்தான் ஒரு நறுக்கு இலையில், அந்த மரத்தடியில் வைத்துவிட்டு வருவாள்.

இப்போது அதே சோறு, அதே இலை. எதிரே உட்கார்ந்திருப்பது புருஷன்.

“நீங்க சாப்பிட வேணாம்,” என்று இலையை இழுத்தாள்.

“அடியே, சாப்பிடறேன். உப்பில்லன்னா செத்தா போயிருவேன்?” என்று சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தை அவனுக்கே பிடிக்காமல், மிச்சத்தைப் பேசாமல் தின்று முடித்தான். மறுநாள் அலுமினியச் சட்டியில் போட்டுக் கொடுத்தாள். சட்டியில் போட்டாலும் அது இலையாகத்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வேளையும் புருஷனுக்கு உயிரோடு படையல் வைக்கிறோம் என்ற நினைப்பு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. வேலைக்காட்டில் பால் வெட்டுகிற கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. கங்காணி மரத்தைக் காயப்படுத்திவிட்டாய் என்று திட்டினார்.

அவனும் இளைத்தான். கொட்டகைக்கு முன்பெல்லாம் ஒரு கைப்பிடி உப்பு கரைத்த நீராகாரம் கொண்டுபோவான். அந்த வேலை செய்கிற எல்லோருக்கும் அதுதான் வழக்கம். இல்லாவிட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். உப்பில்லாத நீராகாரத்தைக் குடித்துவிட்டு, கால் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நிற்பான். ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டான். சாப்பாட்டைத்தான் பாதியில் ஒதுக்கிவிடுவான்.

அந்தச் சமயத்தில்தான் முத்து முகம்மதுவின் சைக்கிள் மணி கேட்டது. சீட்டுத் துணி, கண்ணாடி வளையல், வெற்றிலை, கருவாடு எல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகிறவர் அவர். கடலோரக் கிராமத்தில் சீனர்கள் காயப்போடுகிற கருவாட்டை வாங்கி வருவார். திருக்கையும் வாளையும் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும்.

“என்ன தங்கச்சி, முகமெல்லாம் வாடிக் கெடக்கு?”

நல்லம்மாள் சொன்னாள். வியாதியைச் சொன்னாள், டாக்டர் சொன்னதைச் சொன்னாள், படையல் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. “பாதிச் சோறு அப்படியே திரும்பி வருது பாய்,” என்றாள்.

“உப்புதான போடக் கூடாதுன்னாரு?”

“ஒரு கல்லு கூடப் போடக் கூடாதாம்.”

“அதுக்கு ஏன் தங்கச்சி கவல? இந்தத் திருக்கைய ஒரு துண்டு சுட்டு வையி. இதுக்கு நீ ஒரு கல்லு உப்பு போட வேணாம்.”

நல்ல மனசோடுதான் சொன்னார். அவள் முகமும் அங்கேயே மலர்ந்துவிட்டது. கருவாட்டில் அவள் உப்புப் போடப் போவதில்லை. அது எங்கேயோ கடலில் எவனோ போட்டது, கடலே போட்டது என்றுகூடச் சொல்லலாம். டாக்டர் சொன்னதை மீறியதாகவும் ஆகாது. செத்தவர்களுக்குக் கருவாடு படைக்கிற வழக்கமும் அவர்களிடம் கிடையாது. கருவாடு வைத்த சோறு படையல் ஆகாது. அது இருக்கிறவன் தின்கிற சோறு.

அன்று உப்பில்லாச் சோற்றின் பக்கத்தில் ஒரு துண்டுத் திருக்கையைத் தணலில் சுட்டு வைத்தாள். கன்னையா சட்டியை வழித்துத் தின்றான்.

“இப்பத்தான் சோறு சோறா இருக்கு,” என்றான். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு கருவாடு இல்லாத வேளை கிடையாது. நீராகாரத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒரு துண்டை இலையில் மடித்துக் கொடுத்தனுப்புவாள். அடுப்புக்கு மேலே விட்டத்தில் கயிறு கட்டி வாளையைத் தொங்கவிட்டாள். கெண்டைக்கால் பிடிப்பதும் நின்றுவிட்டது. மருந்துதான் பிடிக்கிறது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். வழியில் பார்க்கும்போது அம்புரோஸ், “உப்பு?” என்று கேட்பார். “சாடியே வீட்டுல இல்லங்க ஐயா,” என்பாள். “கெட்டிக்காரி,” என்பார். அவனைப் பார்த்தால் மட்டும் கண்ணை உற்றுப் பார்ப்பார். குடித்தவன் கண்ணா என்று.

தீபாவளிக்கு லயமே கள்ளில் மிதந்தது. கன்னையா வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். இராஜம்மாவின் புருஷன் மங்கை நீட்டி, “ஒரு வாய் ஊத்திக்க மாப்ள, சாமி கண்ண மூடிக்கும்,” என்றான். “சாமி மூடிக்கும்யா, எங்க வீட்டு அம்மன் மூடாது,” என்று நல்லம்மாளைக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்தது அதுதான் கடைசி.

தீபாவளி கழிந்து கிள்ளானுக்குப் போனார்கள். துணிப்பட்டை, காற்று, பாதரசம். அது முன்பு நின்ற இடத்தில் நிற்கவில்லை. தாண்டிப் போனது. டாக்டர் ஒன்றுக்கு இரண்டு முறை அடித்துப் பார்த்தார். அம்புரோஸின் முகம் கறுத்துவிட்டது. மாடிப்படி இறங்கிக் கடைத்தெருவுக்கு வந்ததும், போகிற வருகிறவர்கள் பார்க்க, கன்னையாவைப் பிடித்துக்கொண்டார்.

“குடிச்சியா?”

“இல்ல சார்.”

“தீபாவளிக்கு?”

“தொடல சார்.”

“உப்ப உம் பொண்டாட்டி நிறுத்திட்டா. அது எனக்குத் தெரியும். பெறகு எப்படிடா ஏறும்? காத்துல ஏறுமா? பொய் சொல்லிச் சொல்லியே சாவுங்கடா எல்லாரும். எங்கப்பனும் இதே வார்த்ததான் சொன்னாரு. தொடல, தொடலன்னு.”

கன்னையா அவரைப் பார்க்கவில்லை. நல்லம்மாளைப் பார்த்தான். நீ சொல்லு என்பது போல. அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கண்ணால் பார்த்த பாதரசம் நெஞ்சுக்குள் நின்றது. தன் பங்கு சுத்தம் என்பது அவளுக்கு உறுதியாகத் தெரியும். ஒரு கல் உப்பு அவள் கையால் விழவில்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

லோரியில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து திரும்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இராஜம்மாவிடம் மெல்லக் கேட்டாள். அவள் முதலில் இழுத்தாள். பிறகு, “எனக்கென்னக்கா தெரியும். சாயங்காலம் கள்ளுக்கடைப் பக்கம் அண்ணன ரெண்டு மூணு தரம் பாத்தேன். சும்மாவா போவாங்க ஆம்பளைங்க?” என்றாள்.

போதாதா? அன்று கன்னையா இருட்டுகிற நேரத்துக்கு வந்தான். அவள் வாசலிலேயே மறித்தாள்.

“வாய ஊதுங்க.”

“என்னது?”

“ஊதுங்கன்னேன்.”

ஊதினான். புகையிலையும் வெற்றிலையும் மத்தியானம் தின்ற கருவாடும்தான் நாறின.

“வெத்தலயப் போட்டு மறைச்சாச்சு.”

“அடியே, நான் அங்க போய் உக்காந்துட்டு வரேன். அவ்வளவுதான். நாலு பேரு பேசற எடம் அது ஒண்ணுதான இருக்கு. வீட்டுல ஒங்கூட எத்தன நேரம் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காருவேன்?”

“கள்ளுக்கடையில போயிக் குடிக்காம உக்காந்திருந்தாராம். யாரு கிட்ட சொல்றீங்க?”

“சீதா மேல சத்தியமாத் தொடல.”

“செத்த பிள்ள மேல சத்தியம் பண்றது சுலபம்,” என்றாள் நல்லம்மாள். “அது எந்திரிச்சு வந்து கேக்கவா போவுது?”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இராஜம்மாவின் வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. கன்னையா அவளை விலக்கிக்கொண்டு வாசற்படி ஏறினான். பிறகு உள்ளே போய்ச் சட்டியை எடுத்துத் தானே சோறு போட்டுக்கொண்டான். சொன்னதை அள்ளிவிட முடியாது என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் உயிர் போகிற காரியத்தில் பொய் சொல்கிறவனிடம் எதற்கு இளகுவது என்று கோபமும் விடவில்லை.

அன்றிலிருந்து அவன் வாய் அடங்கிவிட்டது. கிராணி திட்டினால் வாங்கிக்கொண்டு நின்றான். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. கள்ளுக்கடைப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டான். வேலை விட்டால் வீடு, வீட்டில் சுவர். நல்லம்மாளுக்குப் பேச வாய் வரவில்லை. கை மட்டும் பேசியது. ஒரு துண்டுக்கு இரண்டு துண்டாகக் கருவாடு வைத்தாள். வயிறு நிறைந்தால் குடிக்கிற நினைப்பு வராது என்று ஒரு கணக்கு. கோபத்திலும் நான் உன்னைப் பட்டினி போடவில்லை பார் என்று ஒரு சேதி. அவன் வைத்ததைத் தின்றான். அந்த வருஷம் மார்கழி முழுக்க மழை. முத்து முகம்மது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சேற்றில் வந்தார். அவரிடம் அதிகம் வாங்கியது அவள்தான்.

தை பிறந்த சில நாளில் ஒரு காலை, ஈர விறகைத் தோளில் தூக்கி வைத்தவன் வைத்த கையோடு சாய்ந்துவிட்டான். கொட்டகையில் இருந்தவர்கள் ஒரு பலகையில் கிடத்தி வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. வலது கையும் காலும் துணி மாதிரித் தொங்கின. கண் மட்டும் விழித்திருந்தது.

அம்புரோஸ் ஓடி வந்தார். நாடி பார்த்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். லோரி கிள்ளானுக்குப் போயிருந்தது. அது திரும்பி வந்துதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் அவர் கை கழுவத் தண்ணீர் கேட்டு அடுப்படிப் பக்கம் வந்தார். தலையில் ஏதோ இடித்தது. நிமிர்ந்து பார்த்தார். விட்டத்தில் வாளைக் கருவாடு வரிசையாகத் தொங்கியது. கீழே, கன்னையா விடிகாலையில் சாப்பிட்டுவிட்டுப் போன சட்டி. அதில் திருக்கை முள்.

“இது யாரு திங்கறது?”

“அவருதாங்க ஐயா.”

“எப்பலருந்து?”

“டாக்டரப் பாத்துட்டு வந்ததுலருந்து. உப்பில்லாத சோறு எறங்கல. அதனால தொட்டுக்க வைப்பேன். ஆனா நான் உப்பு ஒரு கல்லு போடலங்க ஐயா. அந்தப் புள்ள படுத்திருக்கிற மண்ணு மேல ஆணையாச் சொல்றேன். எங்கையால ஒரு கல்லு போடல.”

அம்புரோஸ் தொங்கிய ஒரு கருவாட்டைக் கையில் பிடித்தார். விரலில் ஒட்டிய வெள்ளை உப்புப் பொடியைப் பார்த்தார். அப்படியே அடுப்படி மண்தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக் கால்சட்டையோடு அவர் தரையில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

“டாக்டரு அன்னைக்குச் சொன்னாரு,” என்றார். “கருவாடு, ஊறுகா, கடல்லருந்து வர்ற காஞ்ச சாமான் எதுவும் கூடாதுன்னு. ஒவ்வொரு விரலா மடக்கிச் சொன்னாரு. எங்காதுல கள்ளு மட்டுந்தாம்மா விழுந்துச்சு.”

நல்லம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் கையில் இருந்த கருவாட்டையும், பலகையில் கிடந்தவனையும் மாறி மாறிப் பார்த்தாள். விளங்கியது. கால் வழியாக ஏறி வருவது போல மெதுவாக விளங்கியது.

இராஜம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். லோரி வந்து கன்னையாவை ஏற்றும்போது அவள் நல்லம்மாளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, எங்காளு அப்பவே சொன்னாரு. அண்ணன் வந்து கள்ளுக்கடைக்கு வெளிய கட்டையில உக்காந்திருப்பாராம். ஒரு மங்கு கூட வாங்கலையாம். எல்லாருமா கேலி பண்ணுவாங்களாம். பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு. நாந்தான் ஒங்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்.”

நல்லம்மாள் முந்தானையை விடுவித்துக்கொண்டு லோரியில் ஏறினாள்.

கன்னையா சாகவில்லை. ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். வலது பக்கம் வரவில்லை. பேச்சும் வரவில்லை. “ஆ” என்று ஒரு சத்தம் வரும். பசிக்கும் அதுதான், மூத்திரத்துக்கும் அதுதான். வேலைக்கு ஆகாத ஆளை லயத்தில் வைத்திருக்க முடியாது, உட்கார முடிந்ததும் ஊருக்குக் கப்பலேற்றி விடவேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். தோட்டத்துச் செலவில் ஒருவருக்கு மட்டும்தான் கப்பல். அவள் வேலைக்கு ஆகிறவள். அம்புரோஸ் துரையிடம் போய் நின்று பேசிப் பார்த்தார். அதில் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியவில்லை. இப்போதெல்லாம் அவர் கன்னையாவைப் பார்க்க வந்தால் வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

மாசி வந்தது. சீதாவின் நாள் வந்தது. நல்லம்மாள் வேலைக்குப் போகவில்லை. விட்டத்தில் கயிறு மட்டும் தொங்கியது. அரிசியைக் களைந்து பானையில் போட்டாள். பழக்கத்தில் கை உப்புச் சாடி இருந்த இடத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. வருஷா வருஷம் இந்த நாளில் இரண்டு பானை வைப்பாள். ஒன்று உப்பில்லாமல் பிள்ளைக்கு, ஒன்று உப்புப் போட்டு வீட்டுக்கு. இந்த வருஷம் ஒரே பானை. அதிலிருந்து ஒரு பங்கை நறுக்கு இலையில் எடுத்துக்கொண்டு ஓடையோர மரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள். மிச்சத்தைச் சட்டியில் போட்டுக் குழையப் பிசைந்து, புருஷன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“நீங்க தொடல,” என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து தினமும் சொல்வதுதான். “எனக்குத் தெரியும். தொடல.”

அவன் கண் அவள் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மேலே போனது, விட்டத்தில் தொங்கிய வெறும் கயிற்றுக்கு. இடது கையைத் தூக்கி அந்தப் பக்கம் காட்டி, “ஆ,” என்றான். கருவாடு கேட்கிறானா, அவளை ஏதோ கேட்கிறானா, அவளுக்குத் தெரியவில்லை. இனி யாரும் சொல்லப்போவதும் இல்லை.

“இல்லங்க,” என்றாள்.

அவன் கையை இறக்கிக்கொண்டான். ஒரு கவளத்தை அவன் வாயின் நல்ல பக்கமாக வைத்தாள். மென்றான். தொய்ந்த பக்கம் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு, அடுத்த கவளத்தை உருட்டினாள்.